பத்துப் பேர் வேலை செய்யும் இடம், பேரிடருக்கு எப்படித் தயாராவது?

கேள்வி இதுதான்: தரைத்தளத்தில் ஒரு கிடங்கும் ஓர் அலுவலக அறையும், பத்துப் பேர் வேலை. வெள்ளம், தீ, நிலநடுக்கம், நாள்கணக்கில் மின்தடை என்று ஒவ்வொன்றுக்கும் தனித் திட்டம் எழுத வேண்டுமா? எங்கிருந்து தொடங்குவது?

தனித்தனியாக எழுத வேண்டாம். எழுதினால் நாற்பது பக்கம் வரும்; ஒருவரும் படிக்கமாட்டார்கள். எந்த ஆபத்து வந்தாலும் உங்கள் கையைவிட்டுப் போகக்கூடியவை ஐந்துதான்: இடம், மின்சாரம், தகவல், ஆள், உங்களுக்குச் சரக்கு அனுப்புகிறவர். இந்த ஐந்தில் ஒன்று இல்லாத நாளை எப்படி ஓட்டுவது என்று யோசித்தால், அதற்குக் காரணம் நீரா நெருப்பா என்பது பெரும்பாலும் இரண்டாம்பட்சம். திட்டம் இரண்டு பக்கத்துக்குள் அடங்கிவிடும்.

ஒரு தாளை எடுத்து, தொழிலில் அன்றாடம் நடக்கும் வேலைகளை எழுதுங்கள்: ஆர்டர் வாங்குவது, பொருளை அனுப்புவது, பில் போடுவது, சம்பளம் கொடுப்பது, வரி கட்டுவது. ஒவ்வொன்றுக்கும் நேராக, அது நின்றால் எத்தனை மணி நேரத்தில் அடி விழும் என்று குறியுங்கள். ஆர்டர் எடுக்கும் தொலைபேசி நான்கு மணி நேரம் செத்துப்போனால் வாடிக்கையாளர் வேறிடம் போய்விடலாம். கணக்கு எழுதுவது ஒரு வாரம் நின்றாலும் தாங்கும், ஆனால் சம்பள நாளுக்கு முந்தைய வாரமாக இருந்தால் தாங்காது. அதே வரியில், பக்கத்துக் கட்டத்தில், அந்த வேலை எதையெல்லாம் நம்பி நடக்கிறது என்று எழுதுங்கள்: எந்தக் கணினி, எந்த ஆள், எந்தச் சாவி, எந்த இணைய இணைப்பு. ஒரே பெயர் நாலைந்து வரிகளில் வந்தால் அங்கே வட்டமிடுங்கள். தயாரிப்பு வேலையில் பாதி அந்த வட்டங்களைக் குறைப்பதுதான்.

அந்த வட்டங்கள் கண்ணில் படாமல் ஒளிந்திருக்கும் என்பதுதான் சிக்கல். 2012 அக்டோபரில் சாண்டி புயல் நியூயார்க்கைத் தாக்கியபோது பெல்வியூ மருத்துவமனையின் அவசர ஜெனரேட்டர்கள் 13-ஆவது மாடியில் பத்திரமாகத்தான் இருந்தன. அவற்றுக்கு டீசல் ஏற்றும் பம்புகள் அடித்தளத்தில் இருந்தன; தண்ணீர் அவற்றை மூழ்கடித்தது. ஊழியர்கள் படிக்கட்டில் வரிசையாக நின்று எரிபொருளைக் கைமாற்றி மேலே ஏற்றினார்கள். கடைசியில் நோயாளிகளை வெளியேற்ற வேண்டியதாயிற்று. ஜெனரேட்டரை மேலே வைத்தவர்கள் ஆபத்தை யோசிக்காதவர்கள் அல்ல. கயிற்றின் ஒரு முனையை மட்டும் பார்த்தார்கள்.

தகவலில் தொடங்குங்கள், ஏனென்றால் அதுதான் மிகக் குறைந்த செலவில் முடிகிற வேலை. மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு கட்டிடத்தில் என்ற பழைய விதி இன்றும் செல்லும். கணினியில் இருப்பது ஒன்று, வெளி ஹார்டு டிஸ்க்கில் ஒன்று, கிளவுடில் ஒன்று. இதில் இரண்டு தவறுகள் சகஜம். முதலாவது, கிளவுடோடு ஒத்திசையும் ஃபோல்டரையே பேக்கப் என்று நம்புவது. நீங்கள் ஒரு கோப்பைத் தவறுதலாக அழித்தால் அதுவும் அங்கே அழியும். ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறக்கப் பணம் கேட்கும் தீய மென்பொருள்) வந்து பூட்டிவிட்டால் பூட்டிய கோப்பு அங்கேயும் போய்ச் சேரும். பழைய பதிப்புகளைக் குறைந்தது 30 நாள் வைத்திருக்கும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது, வெளி டிஸ்க்கை எப்போதும் கணினியிலேயே செருகி வைப்பது. ரான்சம்வேர் அதையும் சேர்த்துப் பூட்டும். இரண்டு டிஸ்க் வாங்கி வாரம் ஒருமுறை மாற்றுங்கள். ஒன்று எப்போதும் கழற்றப்பட்டு வேறு வீட்டில் இருக்கட்டும்.

கிளவுட் என்பதும் எங்கோ ஒரு கட்டிடம்தான். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூரில் கிளவுட் சேவை தரும் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையம் எரிந்தபோது, பேக்கப்புக்கும் சேர்த்துப் பணம் கட்டியிருந்த சிலரின் பேக்கப்பும் அதே வளாகத்தில் இருந்ததால் இரண்டும் ஒன்றாகப் போயின. உங்கள் நகல் எந்த ஊரில் இருக்கிறது என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை, வேறொரு கணினியில் அந்த பேக்கப்பைத் திறந்து பாருங்கள். ஒரு கோப்பை மட்டும் அல்ல, கணக்கு முழுவதையும். எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இங்கேதான் பலருக்கும் குட்டு உடையும்: தரவு இருக்கும், அதைத் திறக்கும் மென்பொருளின் லைசென்ஸ் எண் எரிந்துபோன கணினியில் இருக்கும்; அல்லது புதிய பதிப்பு பழைய கோப்பைத் திறக்காது. பேக்கப்போடு மென்பொருளின் பெயர், பதிப்பு எண், லைசென்ஸ் எண் மூன்றையும் சேர்த்து வையுங்கள்.

அடுத்தது உரிமையாளரின் செல்பேசி. வங்கி, வரித் தளம், மின்னஞ்சல், கட்டணம் வாங்கும் கணக்கு எல்லாவற்றின் ஓடிபியும் அந்த ஒரே சிம்முக்குத்தான் வருகிறது. போன் தண்ணீரில் விழுந்தால், அல்லது அவரே மருத்துவமனையில் படுத்தால், தொழிலே பூட்டப்பட்டுவிடும். வெள்ளத்தைவிட இது நடக்க வாய்ப்பு அதிகம். ஓடிபி வராதபோது உள்ளே நுழைய மின்னஞ்சல் போன்ற கணக்குகள் தரும் பேக்கப் குறியீடுகளை அச்சிட்டு, முத்திரையிட்ட உறையில், இரண்டு வெவ்வேறு இடங்களில் வையுங்கள். வங்கிக் கணக்கில் இன்னொருவருக்கும் கையெழுத்திடும் அதிகாரம் கொடுங்கள். தொகைக்கு வரம்பு வைத்துக் கொடுத்தால் பயமில்லை. ஊழியர்கள், மின்சாரக்காரர், காப்பீட்டாளர், முக்கிய வாடிக்கையாளர்கள் ஆகியோரின் எண்களைக் காகிதத்தில் அச்சடித்து ஒவ்வொருவர் வீட்டிலும் ஒரு பிரதி இருக்கட்டும். இன்று யாருக்கும் எந்த எண்ணும் மனப்பாடம் இல்லை. பேரிடர் நேரத்தில் குரல் அழைப்பு போகாதபோதும் குறுஞ்செய்தி பெரும்பாலும் போய்ச் சேரும், ஏனெனில் அது வரிசையில் காத்திருந்து போகும்.

இனி தண்ணீர். தரைத்தளத்தில் இருப்பவர்கள் இதற்கு அதிக நேரம் கொடுக்க வேண்டும்.

முதல் வேலை உயரம். மிகக் கீழ்த்தட்டில் காகிதம், துணி, அட்டைப்பெட்டி, மின்சாதனம் எதுவும் இருக்கக் கூடாது. பிளாஸ்டிக், கண்ணாடி, கழுவினால் பழையபடி ஆகிற பொருள்கள் மட்டும். சரக்கை நேராகத் தரையில் அடுக்காமல் 15 செ.மீ. உயரப் பலகைத் தட்டுகளில் வைத்தால், குழாய் உடைந்து வரும் தண்ணீர் போன்ற சின்ன விபத்துகளில் இழப்பே இராது. மேசைக்கு அடியில் கிடக்கும் கணினிப் பெட்டி, தரையில் உட்கார்ந்திருக்கும் யுபிஎஸ், நீட்டிப்புப் பலகை, இவைதான் முதலில் போகிறவை. சுவரில் மாட்டுவதற்கு இரண்டு தாங்கிகள் போதும்.

இரண்டாவது, தண்ணீர் வாசல் வழியாகத்தான் வரும் என்று நினைக்காதீர்கள். தெருவில் சாக்கடை நிரம்பினால் கழிப்பறை, தரை வடிகால் வழியாக உள்ளிருந்தே பொங்கும். வாசலில் எத்தனை மூட்டை அடுக்கினாலும் அதைத் தடுக்க முடியாது. வடிகால் குழாயில் திரும்பி வராத வால்வு பொருத்துவது நிரந்தர வழி. ஆண்டுக்கு இருமுறை அதைத் திறந்து சுத்தம் செய்ய வேண்டும். ஒரு துணித் துண்டு சிக்கினாலும் மூடாது. உடனடித் தேவைக்கு, கெட்டியான பிளாஸ்டிக் பைக்குள் போட்ட மணல் மூட்டையை வடிகால் வாயில் அழுத்தி வைக்கலாம்.

மணல் மூட்டையை முழுக்க நிரப்பாதீர்கள். பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு வரை போதும். நிறைத்தால் உருண்டையாகிவிடும், மூட்டைக்கு மூட்டை இடைவெளி விழும். தண்ணீர் வரும் திசைக்கு நீளவாக்கில் கிடத்தி, வாயை மடித்து அடியில் செருகி, காலால் மிதித்துத் தட்டையாக்கி, செங்கல் கட்டுவதைப் போல மேல் வரிசையை மூட்டு மாற்றி வையுங்கள். நீர் வரும் பக்கம் பிளாஸ்டிக் விரிப்பு ஒன்றைப் போட்டு அதன் விளிம்பை அடி வரிசைக்குக் கீழே மாட்டினால் கசிவு நன்றாகக் குறையும், நிற்காது. ஆகவே உள்ளே ஒரு சிறு பம்பும் துடைப்பமும் தேவை. திறந்த வெளியில் 30 செ.மீ. உயரத்துக்கு அடி அகன்ற கூம்பாகக் கட்ட ஒரு மீட்டர் நீளத்துக்கு ஏறக்குறைய 20 மூட்டை பிடிக்கும். 60 செ.மீ. உயரம் என்றால் 40 அல்ல, 70. உயரம் கூடும்போது அடியும் அகல வேண்டும் என்பதால் கணக்கு இப்படி ஏறுகிறது. குறுகலான ஒரு வாசலுக்கு இவ்வளவு வேண்டாம். இருபுறமும் சுவர் தாங்குகிறது.

ஒரு கட்டத்துக்குமேல் தண்ணீரை வெளியே நிறுத்த முயல்வதே ஆபத்து. வெளியே ஒரு மீட்டர் நீர், உள்ளே வெறும் தரை என்றால் சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்திலும் சுமார் 500 கிலோ எடைக்குச் சமமான தள்ளுவிசை விழுகிறது. சாதாரணச் செங்கல் சுவர் பக்கவாட்டுத் தள்ளுதலைத் தாங்கக் கட்டப்பட்டதல்ல. 60 செ.மீட்டருக்குமேல் ஏறும் என்று தெரிந்தால் மெயின் சுவிட்சை அணைத்து, எரிவாயுவை மூடி, ஆட்களை வெளியேற்றிவிட்டு, நீரை உள்ளே விட்டுவிடுவதே மேல். நிரம்பிய எரிவாயு சிலிண்டர்கூட மிதக்கக்கூடும். குழாயைப் பிய்த்துக்கொண்டு போகும். எல்லாச் சிலிண்டர்களையும் சங்கிலியால் சுவரோடு பிணையுங்கள். எரிபொருள் தொட்டிக்கும் இதே கதிதான்.

காற்றுக்கும் நிலநடுக்கத்துக்கும் சுருக்கமாக. கண்ணாடியில் டேப்பைக் குறுக்காக ஒட்டுவது பயனில்லாத வேலை. பெரிய துண்டுகளாக உடையும், அவ்வளவுதான். 15 மி.மீ. பிளைவுட் பலகையை முன்கூட்டியே ஜன்னல் அளவுக்கு வெட்டி, துளை போட்டு, எண் எழுதி வைத்தால் காற்று எழும் முன் ஒரு மணி நேரத்தில் மாட்டிவிடலாம். அழுத்தம் சமமாகட்டும் என்று ஜன்னலைத் திறந்து வைப்பது கூரையைத் தூக்கிக் கொடுப்பதற்குச் சமம். நிலநடுக்கத்துக்கு, உயர அலமாரிகளின் மேல்முனையைச் சுவரோடு எல் வடிவத் தாங்கியால் இறுக்குங்கள். எடை மிகுந்தவை இடுப்புக்குக் கீழே. வெள்ளத்துக்கு மேலே, நடுக்கத்துக்குக் கீழே என்று இரண்டும் முரண்படும். உங்கள் இடத்தில் எது அடிக்கடி வருமோ அதற்கு முன்னுரிமை கொடுத்து, கனமான பொருளை மட்டும் நடுத்தட்டில் கம்பி கட்டி வையுங்கள்.

மின்சாரம். ஜெனரேட்டர் வாங்கும் முன் எந்தெந்தச் சாதனம் ஓடியே ஆக வேண்டும் என்று பட்டியலிட்டு வாட் கணக்கைக் கூட்டுங்கள். மோட்டாரும் கம்ப்ரசரும் தொடங்கும் நொடியில், ஓடும்போது இழுப்பதைப்போல் ஐந்தாறு மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். ஆகவே பெரிய மோட்டாரை முதலில் ஓடவிட்டு, மற்றவற்றை ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். இதை மறந்து எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போட்டுவிட்டு ஜெனரேட்டர் சரியில்லை என்பார்கள். கட்டிட வயரிங்கோடு இணைக்க சேஞ்ச் ஓவர் சுவிட்ச் (தெரு மின்சாரம், ஜெனரேட்டர் இரண்டில் ஒன்றை மட்டும் இணைக்கும் சுவிட்ச்) கட்டாயம். இரு முனையிலும் பிளக் வைத்த வயரைச் சுவரில் செருகினால் மின்சாரம் தெருக் கம்பிக்குப் போய், அங்கே பழுது பார்ப்பவரைக் கொல்லும். ஜெனரேட்டரை ஜன்னல், கதவிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி வையுங்கள். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமே கிடையாது. ஷட்டரைப் பாதி திறந்து உள்ளே ஓட்டுவது உயிரோடு விளையாடுவது.

மாதம் ஒருமுறை அரை மணி நேரம், சுமையோடு ஓட்டிப் பாருங்கள். சுமையில்லாமல் ஓட்டினால் டீசல் முழுதாக எரியாமல் கரி படியும். பெட்ரோல் வகையில், மாதக்கணக்கில் நின்ற எரிபொருள் பிசினாகிக் கார்புரேட்டரை அடைக்கும். ஓட்டிய பின் எரிபொருள் வால்வை மூடி, அதில் மிஞ்சியதை எரித்து முடித்துவிடுவது நல்லது. யுபிஎஸ் பேட்டரியின் ஆயுள் 25 டிகிரி வெப்பத்தில் மூன்று முதல் ஐந்து ஆண்டு. அதற்குமேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஏறக்குறைய பாதியாகும். காற்றோட்டமில்லாத அலமாரிக்குள் வைத்துவிட்டு, இரண்டே வருடத்தில் போய்விட்டதென்று குறைப்படுவதில் நியாயமில்லை. லேசர் பிரின்டரை யுபிஎஸ்ஸில் மாட்டாதீர்கள்.

குளிரூட்டியில் சரக்கு வைப்பவர்களுக்கு: கதவைத் திறக்காவிட்டால் ஃபிரிட்ஜ் சுமார் 4 மணி நேரம் குளிர் தாங்கும். நிறைந்த உறைபெட்டி 48 மணி நேரம், பாதி காலியானது 24 மணி நேரம். காலி இடத்தில் தண்ணீர் பாட்டில்களை உறைய வைத்தால் தாங்கும் நேரம் கூடும். உறைபெட்டியில் ஒரு குவளைத் தண்ணீரை உறைய வைத்து மேலே ஒரு நாணயத்தை வையுங்கள். நீங்கள் இல்லாதபோது மின்சாரம் போய் வந்திருந்தால், நாணயம் எவ்வளவு கீழே இறங்கியிருக்கிறது என்பது சொல்லிவிடும்.

தீயணைப்பானைப் பற்றி ஒன்றே ஒன்று. அது அரை நிமிடத்துக்குள் தீர்ந்துபோகும் பொருள். தீ குப்பைத்தொட்டி அளவைத் தாண்டியிருந்தால் அல்லது வெளியேறும் வழி உங்கள் முதுகுப்பக்கம் இல்லையென்றால், அதைத் தொடாமல் வெளியேறுங்கள். கணினிகள் உள்ள அறைக்கு பவுடர் வகையைவிட கார்பன் டை ஆக்சைடு வகை நல்லது. பவுடர் மின்சுற்றுகளை அரிக்கும். ஆனால் குறுகிய அறையில் அந்த வாயுவே மூச்சை அடைக்கும், அடித்தவுடன் வெளியே வந்துவிட வேண்டும்.

சரக்கு அனுப்புகிறவர்கள் இருவர் இருக்கிறார்கள் என்று நிம்மதியாக இருப்பவர்கள் அவர்கள் இருக்கும் இடத்தை வரைபடத்தில் பார்க்க வேண்டும். 2011-இல் தாய்லாந்தில் வெள்ளம் வந்தபோது உலகெங்கும் ஹார்டு டிஸ்க் தட்டுப்பாடு வந்து விலை ஏறியது, காரணம் பல ஆலைகள் ஒரே சமவெளியில் இருந்தன. இருவரும் ஒரே ஆற்றங்கரையில், ஒரே துறைமுகத்தை நம்பி இருந்தால் உங்களுக்கு இருப்பது ஒருவரே. மூன்றாமவரிடம் ஆண்டுக்கு இரண்டு சிறு ஆர்டராவது போட்டுக் கணக்கை உயிரோடு வையுங்கள். நெருக்கடியில் முன்பின் தெரியாதவருக்கு யாரும் கடன் தரமாட்டார்கள்.

காப்பீட்டில் மூன்று விஷயம் பாருங்கள். வெள்ளம், நிலநடுக்கம் இரண்டும் பாலிசியில் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கின்றனவா. பல இடங்களில் அவை தனிச் சேர்க்கை. காப்பீட்டுத் தொகை சரக்கின் முழு மதிப்புக்கு எடுக்கப்பட்டிருக்கிறதா. இதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். 100 மதிப்புள்ள சரக்கை 60-க்குக் காப்பீடு செய்துவிட்டு, 30 நஷ்டமானால் 30 கிடைக்கும் என்று நினைப்பார்கள். சராசரி விதி (காப்பீடு எந்த விகிதத்தில் குறைவோ, இழப்பீட்டையும் அதே விகிதத்தில் குறைக்கும் விதி) உள்ள பாலிசியில் கிடைப்பது 30-இல் 60 சதவீதம், அதாவது 18. பண்டிகைக் காலம், அறுவடைக் காலம் என்று இருப்பு இரட்டிப்பாகும் மாதத்தை மனதில் வைத்துத் தொகையை நிர்ணயியுங்கள். மூன்றாவது, தொழில் நின்ற நாட்களின் வருமான இழப்புக்கான பாதுகாப்பு. பெரும்பாலும் இது உங்கள் இடத்துக்கே சேதம் ஏற்பட்டால்தான் செல்லும்; தெரு மூடப்பட்டது, மின்சாரம் இல்லை என்பதற்குச் செல்லாது. எப்படியிருந்தாலும் பணம் வர மாதங்கள் ஆகலாம். சம்பளம், வாடகை, கடன் தவணை ஆகிய மூன்றுக்கும் இரண்டு மாதக் கையிருப்பு தனிக் கணக்கில் இருப்பது எந்தப் பாலிசியையும்விடப் பெரிய பாதுகாப்பு.

ஆண்டுக்கு ஒருமுறை செல்பேசியில் வீடியோ எடுத்தபடி இடம் முழுக்க நடங்கள். அலமாரியைத் திறந்து காட்டுங்கள், இயந்திரத்தின் சீரியல் எண்ணை வாசியுங்கள். பத்து நிமிட வேலை. க்ளெய்ம் நேரத்தில் இதற்கு ஈடான சாட்சி இல்லை.

கடையை எப்போது மூடுவது, ஆட்களை எப்போது அனுப்புவது என்பதை அந்த நேரத்தில் முடிவு செய்ய விடாதீர்கள். அப்போது எல்லோரும் இன்னும் ஒரு மணி நேரம் பார்க்கலாம் என்றுதான் சொல்வார்கள். புயல் எச்சரிக்கை வந்தால் 24 மணி நேரத்துக்கு முன் சரக்கை ஏற்றுவது, தெருமுனைக் கம்பத்தில் போட்ட குறியைத் தண்ணீர் தொட்டால் மின்சாரத்தை நிறுத்துவது என்று முன்பே எழுதுங்கள். முதலாளியைத் தொடர்பு கொள்ள முடியாவிட்டால் யார் முடிவெடுப்பது என்று ஒரு பெயர் எழுதுங்கள். அவர் தவறாக மூடிவிட்டாலும் திட்டு விழாது என்று எல்லோர் முன்னிலும் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவர் மூடமாட்டார். மூடிய நாளுக்குச் சம்பளம் உண்டா என்பதும் அந்தத் தாளிலேயே இருக்கட்டும். இல்லையென்றால் கூலி போய்விடுமே என்று ஓடும் தண்ணீரில் நடந்து வருவார்கள். 15 செ.மீ. வேகநீர் ஆளைச் சாய்த்துவிடும்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒரு மணி நேரம் எல்லோரும் உட்காருங்கள். நேற்றிரவு கட்டிடம் எரிந்துவிட்டது, இப்போது காலை ஒன்பது மணி, கையில் இருப்பது உங்கள் செல்பேசிகள் மட்டும். முதல் அழைப்பு யாருக்கு? இன்று அனுப்ப வேண்டிய ஆர்டர் என்னென்ன என்று எப்படித் தெரியும்? பதில் தெரியாமல் மௌனம் நிலவும் இடங்களை எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த ஆறு மாத வேலை அதுதான்.

வெள்ளம் வடிந்த பின் செய்யும் தவறுகள் வெள்ளத்துக்கு இணையான நஷ்டம் தரும். சுத்தம் செய்வதற்கு முன் படம் எடுங்கள், சுவரில் நீர்க்கோடு தெரியும்படி. காப்பீட்டாளருக்கு அன்றே தகவல் கொடுங்கள். சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வரும் முன் அழுகுவதை அகற்றியே ஆக வேண்டுமென்றால் ஒவ்வொரு வகையிலும் ஒரு மாதிரி எடுத்து வைத்துவிட்டு அகற்றுங்கள். அடித்தளத்தில் நிற்கும் நீரை ஒரே நாளில் இறைக்காதீர்கள். வெளியே மண் ஊறிக் கனத்திருக்கிறது, உள்ளே நீரின் எதிர்த்தாங்கல் போனவுடன் சுவர் உட்பக்கம் சாயும். நாளுக்கு மூன்றில் ஒரு பங்கு இறைப்பது பாதுகாப்பு. மூழ்கிய பிரேக்கர், ஃபியூஸ், சுவிட்சுகள் காய்ந்து பளபளத்தாலும் மாற்ற வேண்டியவையே. உள்ளே படிந்த சேறு, ஆபத்து நேரத்தில் பிரேக்கரை விழவிடாது. மோட்டாரைக் கழற்றிப் பட்டறைக்கு அனுப்பினால் பிழைக்கலாம். நனைந்த கணினியில் மின்சாரம் கொடுத்துப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள்.

நனைந்த ஆவணங்களை ஒவ்வொரு தாளாகப் பிரிக்க முயன்றால் கிழியும், வெயிலில் போட்டால் ஒட்டிக்கொண்டு கட்டியாகும். ஈரம் பட்டு 48 மணி நேரத்துக்குள் பூஞ்சை பிடிக்கத் தொடங்கும். கையில் ஒன்றிரண்டு கட்டு என்றால் தாள்களுக்கிடையே உறிஞ்சு காகிதம் வைத்து, மின்விசிறியை நேராக அல்லாமல் பக்கவாட்டில் திருப்பி உலர்த்தலாம். பெட்டி பெட்டியாக இருந்தால் பிளாஸ்டிக் பைகளில் சிறு கட்டுகளாகப் போட்டு, வெளியே பெயர் எழுதி, உறைபெட்டியில் வைத்துவிடுங்கள். உறைந்த காகிதத்தில் பூஞ்சை வளராது. பத்திரமும் ஒப்பந்தமும் மாதக்கணக்கில் அப்படியே காத்திருக்கும், நீங்கள் கடையைத் திறந்துவிட்டு ஒவ்வொரு கட்டாக எடுத்து உலர்த்திக்கொள்ளலாம்.